உப்புத் தண்ணீரில் வராது என்றோம்

மகன், கலியாணத்தை மட்டக்களப்பில் பெண் வீட்டிலேயே வைத்துவிடுவோம், திருகோணமலையில் ஒன்றும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குச் சொல்லவும் வேண்டாம் என்று போன கிழமை தொலைபேசியில் சொன்னாய். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இதைத் தொலைபேசியில் உன்னோடு கதைக்க ஏலாது. நான் தொடங்கினால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். கத்தாரில் எந்த நேரமும் உனக்கு வேலை நேரம்தான். அதனால் எழுதுகிறேன். இதை உன்னைத் தவிர வேறு ஆட்களும் வாசிப்பார்கள். எங்கள் பகுதிச் சனத்துக்குப் பயன்படும், அச்சடித்துக் கொடுப்போம் என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். பக்கத்து வீட்டு றீற்றா அக்காவிடம் போய்க் கேட்டேன். "போடுங்கோ, பிள்ளையின்ட பெயரையும் போடுங்கோ" என்று சொன்னார். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சலிக்காமல் வாசி. சில இடங்களில் உனக்கு நோகும். எழுதுகிற எனக்கும் நோகிறது.

என் வேலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் அதோடு பின்னிக்கிடக்கிறது. நீ பிறக்க முன்னமே நான் சுகாதாரப் பகுதியில் நுளம்பு ஒழிப்பு வேலைக்கு வந்தனான். அப்போது மலேரியாக் காலம். காட்டோரக் கிராமங்களுக்குப் போய், ஆற்றங்கரைக் கிடங்குகளில் அகப்பையால் தண்ணீர் அள்ளி, வெள்ளைத் தட்டில் ஊற்றி, குடம்பி நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். நுளம்பின் குஞ்சைத்தான் குடம்பி என்போம். அந்த நாளில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விடயம் இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது. மலேரியா பரப்புகிற நுளம்பு ஒரே இனம் என்றுதான் முன்பு எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிறகு பார்த்தால் அதற்குள் இரண்டு இனங்கள் இருந்தன. சிறகு, கால், நிறம், உட்காருகிற விதம், எல்லாம் ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்று மற்றதோடு கூடாது. ஒன்றின் உடம்பில் மலேரியா நன்றாக வளரும், மற்றதில் வளர்வது அரிது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரு தாய் பிள்ளைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு தண்ணீருக்கு ஒரு கூட்டம் பழகி, வேறொரு தண்ணீருக்கு மற்றக் கூட்டம் பழகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, கடைசியில் ஒன்றையொன்று தேடாத அளவுக்குப் போய்விட்டன. அந்தப் பிரிவு எந்த நாளில் முடிந்தது என்று எவருக்கும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் நடந்திருந்தாலும் தெரிந்திருக்காது. எனக்கு அப்போது இது வியப்பாக இருந்தது. பயப்பட வேண்டிய செய்தி என்று தோன்றவில்லை.

மலேரியா நாட்டை விட்டுப் போனது. டெங்கு வந்தது. எங்களையும் டெங்கு வேலைக்கு மாற்றினார்கள். ஓர்ஸ் ஹில் அடிவாரம் முதல் அன்புவழிபுரம் வரை நான் ஏறி இறங்காத வீடு இல்லை. பூச்சாடித் தட்டு, டயர், சிரட்டை, தயிர்ச் சட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு என்று தேங்கிய தண்ணீரை எங்கே கண்டாலும் ஊற்றச் சொன்னோம். டெங்கு நுளம்பு தெளிந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று சொன்னோம். அது ஒரு பொய் அல்ல. அப்படித்தான் இருந்தது. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, எங்கள் தட்டுகளிலும் அப்படித்தான் வந்தது. உவர்த் தண்ணீர் இருக்கிற இடங்களை நாங்கள் தட்டி விசாரிக்கவே இல்லை. எங்கள் உள்துறைமுகக் கரை வீடுகளின் கிணறுகள் எல்லாம் உவர்தானே. அந்தக் கிணறுகளைக் கடந்து போய் வாளியைப் பார்ப்போம்.

அப்பா போனது அந்தக் காலத்தில்தான். கடலில் வலை இழுத்துக்கொண்டு இருக்கும்போது நெஞ்சு நோகிறது என்று சொல்லியிருக்கிறார். கரைக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை. அவரோடு தொழிலுக்குப் போனவர்கள் வள்ளத்தை இழுத்துக்கொண்டுவந்து எங்கள் வளவுக்குள் பூவரச மரத்தடியில் ஏற்றிவிட்டுப் போனார்கள். மரவள்ளம். இப்போது யாரும் மரத்தில் கட்டுவதில்லை. சின்ன மாமா அதை விற்றுவிடுவோம் என்றார். நீ சம்மதிக்கவில்லை. நான் உன்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அப்பா இருந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று எனக்கும் பட்டது. வள்ளம் கரையில் காய்ந்தால் பலகை சுருங்கிப் பொருத்து வெடிக்கும் என்று அப்பா சொல்லி நீ கேட்டிருக்கிறாய். மழைத் தண்ணீர் நின்றால் மரம் உக்கிப்போகும், கடல் தண்ணீர் நின்றால் உக்காது என்பதும் உனக்குத் தெரியும். பொழுதுபடும் நேரங்களில் நீ இரண்டு பிளாஸ்டிக் கானில் கடல் தண்ணீர் அள்ளிக்கொண்டுவந்து வள்ளத்துக்குள் ஊற்றுவாய். தகப்பனுக்குச் செய்கிற கடமை மாதிரி அதைச் செய்தாய். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் நீ கானை வைத்துவிட்டு என்னைக் கேட்டாய்.

"உப்புத் தண்ணியில நுளம்பு வராதுதானே, அம்மா?"

"வராது" என்றேன்.

இந்தச் சொல்லை நீ எனக்கு ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. நான் அதை மறக்கவும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை என் நெஞ்சில் அடித்துக்கொள்வதற்கு எழுதவில்லை. அந்தக் கேள்வியை நாட்டில் எந்தக் கரையோரப் பிள்ளை கேட்டிருந்தாலும், எங்கள் வேலையில் இருந்த எவரும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த மாரி கடும் மழை. வள்ளத்துக்குள் நீ ஊற்றிய கடல் தண்ணீரோடு மழைத் தண்ணீரும் சேர்ந்தது. வாயில் வைத்தால் கரிக்கும், ஆனால் கடல் அளவுக்குக் கரிக்காது. மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கிய தை மாதத்தில் ஜெனிற்றாவுக்குக் காய்ச்சல் வந்தது. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜெனிற்றா பக்கத்து வீட்டுப் பிள்ளை. சவிரி அண்ணனுக்கும் றீற்றா அக்காவுக்கும் அவள் ஒருத்திதான். பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்காகப் பழைய கடதாசியில் யானை, மீன், கப்பல் எல்லாம் வெட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து இருப்பாள். என் மகன் அவளுக்கு அண்ணன் மாதிரி. "அண்ணா, உங்கட வள்ளத்தில என்ட பிள்ளையளை ஏத்தி ஒரு படம் எடுக்கவேணும்" என்று கேட்டு, ஒருநாள் அவர்களைக் கூட்டிவந்து ஏற்றியும் விட்டாள். அந்தப் படம் உன்னிடம் இருக்கும். எனக்குப் பார்க்க ஏலாது.

மூன்று நாள் காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. அதற்குப் பிறகு விட்டது. றீற்றா அக்கா வேலிக்கு வந்து, காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை கஞ்சி குடித்தாள் என்று எனக்குச் சொன்னார். நான் அன்றைக்கு நிலாவெளிப் பக்கம் வேலைக்குப் போய், பஸ்ஸில் களைத்து வந்திருந்தேன். ஆனாலும் எனக்குத் தெரியும், காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். உடனே கொண்டுபோங்கோ என்றேன். அவர்கள் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. நீதான் ஓட்டோ பிடித்தாய். வைத்தியசாலையில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் நிறைந்துவிட்டது. சேலைன் ஏற்ற ஏற்றக் குருதி அழுத்தம் இறங்கியது. மறுநாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டாள். சவிரி அண்ணன் வைத்தியசாலைச் சுவரோடு குந்தியிருந்தார். அவருடைய செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றிருந்தது. நீ அதைத் தேடிக்கொண்டு விறாந்தை முழுக்க நடந்தாய். உனக்கு அதைவிடச் செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

டெங்குவால் ஒரு மரணம் நடந்தால் சுற்றியுள்ள வீடுகளை எல்லாம் சோதிக்க வேண்டும். அடக்கம் முடிந்த கையோடு எங்கள் அலுவலகத்திலிருந்து வந்தார்கள். பூச்சியியல் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவ பர்வீன், கிண்ணியாப் பிள்ளை, எனக்கு மகள் வயது. மரணவீட்டு வாளி, தொட்டி, பூச்சாடி எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. றீற்றா அக்காவின் வீடு எப்போதும் துப்புரவுதான். பிறகு எங்கள் வளவுக்கு வந்தார்கள். இங்கேயும் ஒன்றும் இல்லை. நான் கூட இருந்து காட்டினேன். பர்வீன் வள்ளத்துக்குப் பக்கத்தில் போனபோது, அது உப்புத் தண்ணீர், பார்க்கத் தேவையில்லை என்றேன். "இருந்தாலும் ஒருக்காப் பாப்பம், அக்கா" என்று அவ அகப்பையை விட்டா. வெள்ளைத் தட்டில் ஊற்றினா. நீ பூவரச மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றாய். வேலிக்கு அந்தப் பக்கம் சவிரி அண்ணன் நின்றார்.

தட்டு முழுக்க நெளிந்தது.

நான் தட்டை வாங்கி வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தேன். தலையைக் கீழே தொங்கப்போட்டு, வால் பக்கத்தால் மூச்சு எடுத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வேறு ஏதாவது நுளம்பாக இருக்கட்டும் என்று மனம் கிடந்து மன்றாடியது. பர்வீன் வாயில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, "கரிக்குது, அக்கா" என்று மட்டும் சொன்னா. அந்தத் தண்ணீரிலேயே வைத்துக் குடம்பியை வளர்த்தார்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட டெங்கு நுளம்பாகத்தான் சிறகு விரித்து வந்தது.

தட்டில் குடம்பியைக் கண்ட அன்றைக்கே நீ கோடாரி எடுத்து வள்ளத்தைக் கொத்தினாய். நான் தடுக்கவில்லை. நீ கொத்திக் களைத்து நிலத்தில் இருந்தபோது சவிரி அண்ணன் வேலியடிக்கு வந்தார். உனக்கு ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. அவர் உடைந்த பலகைகளைப் பார்த்துவிட்டு, "இதை முந்தியே செய்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். அடுத்த கிழமை இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியை மறைத்துத் தகரம் அடித்தார். நீ சில மாதங்களில் கத்தாருக்குப் போனாய். பயணம் சொல்லப் பக்கத்து வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்ததை நான் கண்டேன். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. லீவு கிடைத்தால் கொழும்பில் நின்றுவிட்டுப் போகிறாய், என்னை அங்கே கூப்பிடுகிறாய். நான் வருகிறேன். நாங்கள் இருவரும் ஹோட்டல் அறையில் இருந்து சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கிறோம்.

நீ போன பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் இறங்கி உவர்த் தண்ணீரைத் தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். கரையோரத்தில் கைவிட்ட பிளாஸ்டிக் வள்ளங்கள், ஐஸ் பெட்டிகள், சிப்பிக் குவியல்கள், கிணறுகள். எல்லாவற்றிலும் இல்லை. ஆனால் பல இடங்களில் இருந்தது. எங்கள் கிணற்றில் இருந்தது. றீற்றா அக்காவின் கிணற்றிலும் இருந்தது. ஜெனிற்றாவைக் கடித்த நுளம்பு வள்ளத்தில் பிறந்ததா, அவர்களுடைய கிணற்றில் பிறந்ததா, அவள் படிப்பித்த பாலர் பாடசாலைக்குப் பின்னால் பிறந்ததா என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல ஏலாது. இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. வள்ளத்தில் பிறந்ததாகவும் இருக்கலாம். அதையும் நீ தெரிந்துகொண்டுதான் வாழ வேண்டும். நானும் அப்படித்தான் வாழ்கிறேன்.

எங்கள் கிணற்றில் கண்டதை நானே போய் றீற்றா அக்காவுக்குச் சொன்னேன். தகரம் அடித்த பிறகு அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். அவர் குசினியில் இருந்தார். கதிரை தரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் வீடு வீடா வந்து சொன்னது பொய்யோ?"

"பொய் இல்லை, அக்கா. அப்ப அது உண்மை. நுளம்பு மாறிற்றுது."

"நுளம்பு எப்பிடி மாறும்? அது என்ன படிச்சே மாறினது?"

அது நல்ல கேள்வி. படித்து மாறவில்லை. எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொன்னேன், அதையே உனக்கும் எழுதுகிறேன். ஒரு நுளம்பும் மாறுவதில்லை, மகன். பிறந்தபடியே செத்துப்போகும். மாறுவது கூட்டம். ஒரு தாய் நுளம்பு எத்தனையோ முட்டை இடுகிறது. அந்தக் குஞ்சுகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருப்பதில்லை. ஒன்றின் தோல் கொஞ்சம் தடிப்பு, ஒன்றின் உடம்பு உப்பைக் கொஞ்சம் நன்றாக வெளியே தள்ளும். நல்ல தண்ணீரில் அந்த வித்தியாசத்தால் ஒரு லாபமும் இல்லை. உவர்த் தண்ணீரில் விழுந்தால் ஏறக்குறைய எல்லாம் சாகும், அந்த ஒன்றிரண்டு மட்டும் தப்பும். தப்பினது தன் தோலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். பிள்ளைகளிலும் பெரும்பகுதி சாகும், கொஞ்சம் தப்பும். அதற்கு வாழ்நாளே சில கிழமைகள். நீ முதலாம் வகுப்புக்குப் போனதிலிருந்து பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும், அதற்கு நூறு தலைமுறைக்கு மேலே வந்து போயிருக்கும். அப்படிச் செத்துச் செத்து மிச்சமானதுதான் எங்கள் கிணற்றில் இருந்தது. கூர்ப்பு, பரிணாமம் என்று நீ பாடசாலையில் பாடமாக்கியது இதைத்தான். புத்தகத்தில் அது கோடிக்கணக்கான வருஷக் கதை. இங்கே எங்கள் வேலிக்குள் நடந்தது.

அக்காவுக்கு நான் முதலில் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. பர்வீன் எனக்குச் சொன்னது அது. சொல்லும்போது அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக நாங்கள் நல்ல தண்ணீர் நின்ற இடத்தை எல்லாம் தேடித் தேடிக் கவிழ்த்தோம். நுளம்புக்கு முட்டையிட மிஞ்சியது என்ன? நாங்கள் பார்க்காமல் விட்ட உவர்த் தண்ணீர்தான். உப்பைத் தாங்கிய குஞ்சுக்கு அங்கே போட்டி இல்லை, மருந்து இல்லை, அகப்பை இல்லை. அப்படியென்றால் எந்த நுளம்பு வாழ வேண்டும் என்று பொறுக்கி எடுத்ததில் எங்கள் கையும் இருந்திருக்கலாம். நாங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் அது நடந்திருக்கலாம். அன்றைக்கு இதை மனதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா கேட்காமலே சொல்லிவிட்டேன், அவருடைய வீட்டில் நின்று பாதியை மறைக்க மனம் வரவில்லை. அவர் எரிந்த அடுப்பைத் தண்ணீர் தெளித்து நூர்த்தார்.

"எனக்கு யாரையாவது திட்டவேணும் போல கிடக்கு" என்றார். "நீங்கள் சொல்லுறதைப் பாத்தா திட்ட ஒரு ஆளும் இல்லை."

அந்த வசனத்தை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை செத்தால் அதற்கு ஒரு கொலைகாரன் வேண்டும் என்று மனம் கேட்கிறது. சவிரி அண்ணன் உன்னை அந்த இடத்தில் வைத்தார். நீயும் போய் அந்த இடத்தில் இருந்துவிட்டாய், எழும்பவே இல்லை. ஆனால் அந்த நுளம்புக்கு எங்களைத் தெரியாது. உன் வள்ளத்தைத் தெரியாது, ஜெனிற்றாவைத் தெரியாது. அதற்கு ஒரு எண்ணமும் இல்லை. சாகாமல் மிஞ்சுவதை மட்டுமே அது செய்தது, அதைக்கூட அது செய்தது என்று சொல்ல முடியாது. இப்படி ஒரு எண்ணமுமில்லாத ஒன்றின் கையில் பிள்ளையைக் கொடுத்தோம் என்பதைத் தாங்குவதைவிட, நான்தான் கொன்றேன் என்று நினைப்பது உனக்கு லேசாக இருந்திருக்கலாம். எனக்கும் சில நாட்களில் அப்படி இருந்தது. அது உண்மை இல்லை என்பதால்தான் சொல்கிறேன். நீ அப்பாவின் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டாய். நான் தெரிந்ததைச் சொன்னேன். அவர்கள் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தார்கள். எல்லோரும் செய்ய வேண்டியதைச் செய்தோம், பிள்ளை செத்தாள்.

இன்னும் மோசமான ஒன்றை எழுதிவிடுகிறேன். இது முடிந்த கதை இல்லை. கிணற்று நுளம்பும் தொட்டி நுளம்பும் இப்போதைக்கு ஒரே இனம்தான் என்று பர்வீன் சொல்லுறா. ஒரே காற்றில் பறந்து ஒன்றோடொன்று கூடுகின்றன. கூடும் வரைக்கும் ஒரு இனம். ஆனால் உவரில் பிறந்தது உவரில் பிறந்ததையே தேடத் தொடங்கினால், மலேரியா நுளம்புக்கு நடந்த மாதிரி, பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளுக்குள் இரண்டாகவும் போகலாம். போகாமலும் இருக்கலாம். போனால் அந்த நாளை நாங்கள் காணப்போவதில்லை, அது போய் நெடுங்காலத்துக்குப் பிறகுதான் யாரோ கண்டுபிடிப்பார்கள். அதற்கிடையில் எத்தனை வீட்டில் தகரம் அடிப்பார்களோ. நான் இந்த வருஷத்தோடு ஓய்வுக்குப் போகிறேன். முழங்கால் நோவோடு கிணற்றுக் கட்டில் ஏறுவது கஷ்டம். நான் கற்றது எல்லாம் ஒன்றுதான் என்று இப்போது படுகிறது: எங்களுக்குத் தெரிந்தது அந்தந்த நேரத்துக்குத்தான் தெரிந்தது. நீ ஒரு வீடு தொடங்கப் போகிறாய். உனக்கும் நீ கட்டப்போகும் பிள்ளைக்கும் நான் கொடுக்கிற புத்திமதி, ஒருதரம் சரியாக இருந்ததை மறுதரமும் பார்க்காமல் நம்பிவிடாதீர்கள் என்பது. ஒருவரையொருவர் பற்றித் தெரிந்ததையும்தான். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குத் தெரிந்த மகனை வைத்துக்கொண்டுதான் நான் இதை எழுதுகிறேன். நீயும் மாறியிருப்பாய்.

போன மாரிக்கு முன் ஒரு விடயம் நடந்தது. கிணறுகளுக்கு வலை போட்டு மூடச் சொல்லி நாங்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் மூட விடமாட்டோம் என்றார்கள். உப்புக் கிணறு, அதில் டெங்கு வராது என்று நீங்கள்தானே முந்திச் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். நான் விளங்கப்படுத்தினேன். தோல், உப்பு, தலைமுறை என்று நான் சொல்லச் சொல்ல அந்த வீட்டுக்காரரின் முகம் மூடிக்கொண்டு போனது. றீற்றா அக்கா கடைக்குப் போய்விட்டு அவ்வழியால் வந்தார். ஜெனிற்றா போன பிறகு அவர் ஒழுங்கையில் யாரோடும் நின்று கதைப்பதில்லை. அன்றைக்கு நின்றார்.

"வரும்" என்றார். "உப்புத் தண்ணியிலயும் வரும். என்ட பிள்ளை அப்பிடித்தான் போனது. மூடுங்கோ."

அந்த மனிதர் அதே இடத்தில் வலையை வாங்கினார். அக்கா என்னைப் பார்க்காமல் நடந்து போனார். பிறகு இரண்டொரு தரம் என்னோடு வந்தார், நான் கூப்பிடவில்லை. வாசலில் நிற்பார், அதே வசனத்தைச் சொல்வார், போவார். நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று நினைக்காதே. தகரம் இன்னும் இருக்கிறது. சவிரி அண்ணன் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

நீ சொல்ல வேண்டாம் என்ற பிறகும் உன் கலியாணத்தை அவர்களுக்குச் சொன்னேன். வேறு ஆள் வாயால் அவர்கள் கேட்கக் கூடாது. அண்ணன் வெளியே வரவில்லை. அக்கா வாசலில் நின்று கேட்டார். உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். யோசித்து யோசித்துத்தான் சொன்னார். உன்னில் கோபம் இல்லையாம். ஆனால் உன்னைக் காண ஏலாதாம். மணவறையில் ஒரு பிள்ளையைப் பார்க்கவும் ஏலாதாம். நீ இங்கே வந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவாராம். ஆகவே மகன், உன் எண்ணம் சரி. கலியாணம் மட்டக்களப்பில் நடக்கட்டும். வா, எல்லாம் ஆறிவிட்டது என்று எழுத ஆசைப்பட்டுத்தான் நான் அந்த வாசலுக்குப் போனேன். ஆறவில்லை. அதை மறைத்து உன்னை வரச் சொல்ல மாட்டேன்.

நான் திரும்பி வர வெளிக்கிட்டபோது அக்கா கூப்பிட்டார்.

"பெட்டையின்ட வீடு எவடம்?"

வாவிக் கரையில் என்றேன்.

"கிணறு இருக்கோ?"

இருக்கும், ஆனால் நான் பார்க்கவில்லை என்றேன். "கலியாணத்துக்கு முதல் அதை மூடச் சொல்லுங்கோ. பிள்ளை ஒண்டு பிறக்க முந்தி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.